கடலூரா, புதுச்சேரியா: ஓட்டை எந்த ஊரில் வைத்துக்கொள்வது?

2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம்) என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அப்போதுதான் எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு கிளம்பியது. என் பெயருக்கான படிவம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டுக்கு வந்தது. நானோ நாலு வருடமாகப் புதுச்சேரி முதலியார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா போனில், "பி.எல்.ஓ. வந்து நிக்கறாங்கப்பா. நீ இங்க இருக்கியா இல்லியா, என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். பி.எல்.ஓ. என்றால் வீடு வீடாக வந்து பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் புதுச்சேரி, இரண்டு நாள் கடலூர் என்று ஓடுகிறவன் என்ன சொல்வது?

இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடையில் எல்லை. அந்தப் பக்கம் மாநிலம், இந்தப் பக்கம் யூனியன் பிரதேசம். பேச்சு ஒன்று, கட்சிக்கொடிகளும் பெரும்பாலும் ஒன்று. ஆனால் ஓட்டு செய்கிற வேலை இரண்டு பக்கத்திலும் ஒன்றில்லை. எங்கள் ஆபீஸிலேயே நாலைந்து பேர் இதே குழப்பத்தில் இருந்ததால், நான் விசாரித்ததையும் யோசித்ததையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் மச்சான் சொன்ன வழியை ஒதுக்கிவிடுகிறேன். "ரெண்டு ஊர்லயும் பேர் இருக்கட்டுமே மச்சான், யார் பார்க்கப் போறாங்க?" என்றார். பார்க்கிறார்களோ இல்லையோ, 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் ஒரு தொகுதியின் பட்டியலில்தான் இருக்கலாம் என்கிறது. படிவத்தில் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு தொகுதியில் ஓட்டுப் போட்டது தெரிந்தால் இரண்டுமே செல்லாது. ஆக, அது ஒரு வழியே இல்லை.

அடுத்து, இது நம் இஷ்டமா என்பது. முழுக்க இல்லை. சட்டம் கேட்பது நீங்கள் எங்கே 'சாதாரணமாக வசிக்கிறீர்கள்' என்பதைத்தான். ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது. அதே சமயம், தற்காலிகமாக வெளியூரில் இருப்பதாலேயே ஊர்க்காரர் என்ற நிலை போய்விடுவதும் இல்லை. ஆறு மாத வேலைக்காகப் புதுச்சேரி வந்தவர் தைரியமாகக் கடலூரிலேயே பெயரை வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு வந்து, பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்து, கேஸ் கனெக்‌ஷனையும் மாற்றிவிட்டவர் அப்படிச் சொல்வது கொஞ்சம் இழுவைதான். நான் இரண்டாவது ரகம் என்று மனசுக்குத் தெரியும். இருந்தாலும் வார இறுதி முழுக்க அம்மா வீட்டில் கழிப்பவன் என்பதால், இரண்டு ஓட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

எம்.எல்.ஏ. ஓட்டிலிருந்து தொடங்கலாம். வித்தியாசம் கண்ணைப் பறிப்பது அங்கேதான். புதுச்சேரி சட்டமன்றத்துக்கு 30 தொகுதிகள். புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாகேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. வாக்காளர்கள் மொத்தமே பத்து லட்சம் அளவில்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம் பேர் வருவார்கள். தமிழ்நாட்டில் 2021 தேர்தலின்போது ஆறேகால் கோடிக்கும் மேல் வாக்காளர்கள், 234 தொகுதிகள். சராசரி இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுப்பதில் முதலியார்பேட்டைக்காரரின் ஓட்டு கடலூர்க்காரருடையதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு.

இது வெறும் வகுத்தல் கணக்கு இல்லை, தெருவில் நடந்தால் தெரியும். கடலூரில் எம்.எல்.ஏ.வை நான் மேடையில் பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் டீக்கடையில் பார்த்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பதினாறாம் நாள் காரியம் என்று எதற்கும் எம்.எல்.ஏ. வருகிறார், எதிர்த்து நின்று தோற்றவரும் வருகிறார். சில தெருக்களில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று கட்சிக்காரர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

சுயேச்சை என்ற சொல்லுக்கும் எல்லைக்கு எல்லை மதிப்பு மாறுகிறது. கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவர்தான் சுயேச்சை. தமிழ்நாட்டில் 2021ல் 234 தொகுதியிலும் ஒரு சுயேச்சை கூட ஜெயிக்கவில்லை. அதே ஆண்டு புதுச்சேரியில் முப்பதில் ஆறு பேர் சுயேச்சைகளாக ஜெயித்தார்கள். ஏனாமில் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியையே ஒரு சுயேச்சை 655 ஓட்டில் தோற்கடித்தார். ரங்கசாமி தட்டாஞ்சாவடியிலும் நின்று ஜெயித்திருந்ததால் முதல்வரானார். அறுநூற்றைம்பது ஓட்டு என்பது இரண்டு மூன்று தெரு.

டெபாசிட் கணக்கும் அப்படித்தான். சட்டமன்றத்துக்கு நிற்பவர் கட்டும் டெபாசிட் இரண்டு பக்கமும் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர்களுக்கு அது திரும்பாது. கடலூர் மாதிரித் தொகுதியில் அதைக் காப்பாற்ற முப்பதாயிரம் பக்கம் ஓட்டு வேண்டும். புதுச்சேரியில் நாலாயிரத்து ஐந்நூறு போதும். பெரிய குடும்பம், நல்ல நட்பு வட்டம், ஒரு மன்றம், இரண்டு விளையாட்டுக் கிளப் இருந்தால் எட்டிவிடலாம் என்று எங்கள் தெரு இளைஞர்கள் சீரியஸாகவே பேசுகிறார்கள்.

இதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 2022ல் திருத்திய உச்சவரம்புப்படி வேட்பாளர் ஒருவர் தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய் செலவு செய்யலாம், புதுச்சேரியில் 28 லட்சம். தலைக்கு வகுத்தால் அங்கே பதினைந்து ரூபாய், இங்கே எண்பதைத் தாண்டுகிறது. சட்டம் அனுமதிப்பதே இவ்வளவு. கவரில் வருவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தொகுதி சின்னதாக இருந்தால் உங்கள் ஓட்டுக்கு எடை கூடுகிறது, அதை விலைக்கு வாங்க நினைப்பவருக்கும் வேலை சுலபமாகிறது.

சரி, எட்டு மடங்கு எடையோடு நாம் அனுப்புகிற ஆள் போய் உட்காரும் சபைக்கு எவ்வளவு அதிகாரம்? இங்கேதான் கடலூர் முந்துகிறது. கடலூர் எம்.எல்.ஏ. 234 பேரில் ஒருவர்தான், ஆனால் அந்தச் சபை ஒரு முழு மாநிலத்தின் சபை. புதுச்சேரி 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவரிடம், அதாவது நடைமுறையில் டெல்லிக்குப் போகும். மாநில அந்தஸ்து கேட்டு இந்தச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது. இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

அப்புறம் நியமன எம்.எல்.ஏ. கடலூரிலிருந்து வந்த எனக்கு இந்தச் சொல்லே புதிது. யாரும் ஓட்டுப் போடாமல், மத்திய அரசு நேரடியாக நியமிக்கும் உறுப்பினர்கள். மூன்று பேர் வரை நியமிக்கலாம். புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்காமலே நியமிக்கலாமா, அவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஓட்டுப் போடலாமா என்று வழக்கு நடந்து, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும் ஆம் என்றுவிட்டது. முப்பது பேர் சபையில் பெரும்பான்மைக்குப் பதினாறு போதும், முப்பத்து மூன்று என்றால் பதினேழு வேண்டும். ஒரு தலை, இரண்டு தலை வித்தியாசத்தில் ஆட்சி ஊசலாடும் ஊரில் மூன்று ஓட்டு சின்ன விஷயமில்லை. 2021 பிப்ரவரி 22 அன்று, தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது. எம்.எல்.ஏ.க்கள் வரிசையாக ராஜினாமா செய்ததுதான் முதல் காரணம். ஆனால் அன்றைக்கு நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டா என்ற கேள்வியும் கூடவே நின்றது.

எட்டு மடங்கு எடை என்று பெருமைப்படுவதற்கு முன்னால் இதையும் யோசிக்கச் சொல்கிறேன். கொஞ்சம் பேர் கூடிப் பெரிய முடிவெடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான் போலிருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டுத்தான் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவது முடிவானது. ஆதரவு 170, எதிர்ப்பு 8. எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பெரியவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாரிஸில் யார் ஜனாதிபதி ஆவது என்பதற்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார். கீழே குப்பை அள்ளாததைப் பற்றிக் கேட்க அவருக்கு ஓட்டில்லை.

குப்பை என்றதும் கவுன்சிலர் ஞாபகம் வருகிறது. இந்த ஒரு இடத்தில் கடலூருக்குப் பக்கத்தில்கூடப் புதுச்சேரி நிற்க முடியாது. கடலூர் 2021ல் மாநகராட்சியாகி, 2022 பிப்ரவரி 19 அன்று 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அம்மா கவுன்சிலர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவார். அது எரிந்ததா என்பது வேறு கதை. சொல்ல ஒரு வாசல் இருந்தது. கடலூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்து, 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன்.

புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல். முப்பத்தெட்டு வருடம் கழித்து! அவர்கள் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. அதன்பிறகு 2021ல் தேதியெல்லாம் அறிவித்து, வழக்கு வந்து, அதுவும் நின்றுபோனது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து என்று பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை. 2006ல் பதினெட்டு நிரம்பாத எந்தப் புதுச்சேரிக்காரரும் தன் ஊரில் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதில்லை. சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ., சட்டம் இயற்றவும் எம்.எல்.ஏ. என்று ஆகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சின்னத் தொகுதி என்பதால் அவரால் சமாளிக்க முடிகிறது, அவ்வளவுதான். ஓட்டை மாற்றினால் நான் நிஜமாகவே இழப்பது இந்தக் கவுன்சிலர் ஓட்டைத்தான்.

எம்.பி. விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 பேர், புதுச்சேரிக்கு ஒரே ஒருவர். அந்த ஒருவர் மாகே முதல் ஏனாம் வரை நாலு பகுதிக்கும் பேச வேண்டும். என் வரையில் இது தராசை எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளின் நடைமுறைதான் பலருக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. 2016 மே 16, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19 என்று மூன்று தடவையும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் வந்ததால் லீவு பிரச்சினை இல்லை. ஆனால் அப்படித்தான் வரும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வேறு நாளில் வந்தால், ஓட்டுப் போடும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சட்டம் இருக்கிறது என்றாலும், அடுத்த ஊர்த் தேர்தலுக்கு முதலாளியிடம் லீவு கேட்பது எப்படி என்பது கேட்டவருக்குத்தான் தெரியும். வெளியூரில் இருக்கிறோம் என்பதற்காகத் தபால் ஓட்டு கிடையாது. ராணுவத்தினர், தேர்தல் பணியில் இருப்பவர்கள், 85 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குத்தான் அது. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் காட்டுவதற்காகத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூட்டியது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

போக மாட்டோம் என்று தெரிந்தே பழைய ஊரில் பெயரை விட்டுவைப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. நீங்கள் வரமாட்டீர்கள் என்பது உங்களைவிடப் பூத் ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரியும். கள்ள ஓட்டுக்கு வசதியான பெயர் அப்படிப்பட்டதுதான். ஒருவேளை நீங்கள் போய் நிற்கும்போது உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தால், சண்டை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். டெண்டர் ஓட்டு கேளுங்கள். நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபித்தால் காகித ஓட்டுச்சீட்டு தருவார்கள், அது தனி உறையில் போகும். சாதாரணமாக அதை எண்ண மாட்டார்கள், வழக்கு என்று வந்தால் பயன்படும்.

இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாத சிலதை ஆபீஸில் எல்லாரும் சேர்க்கிறார்கள். ஓட்டை மாற்றினால் ரேஷன் கார்டு போய்விடும், மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்கிறார்கள். ரேஷன் கார்டு ஓர் இலாகா, வாக்காளர் பட்டியல் வேறு இலாகா. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இன்னொரு பக்கம், புதுச்சேரி வாக்காளர் அட்டை இருந்தால் பிள்ளைக்குச் சென்டாக்கில் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) சீட் உறுதி என்று ஒரு கணக்கு. அதற்குக் கேட்பது வருவாய்த் துறை தரும் குடியிருப்புச் சான்றிதழ். ஓட்டு அட்டை அதற்குத் துணைக்கு வரும் காகிதங்களில் ஒன்றாக இருக்கலாம், அதுவே சான்றிதழ் ஆகிவிடாது. இதற்காகவே முள்ளோடைக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு முகவரியில் பெயர் சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும். மேலே சொன்ன பொய் உறுதிமொழிப் பிரிவு அவர்களுக்குத்தான்.

சட்டம் உண்மையிலேயே இரண்டு கதவைத் திறந்து வைத்திருப்பது மாணவர்களுக்கு. என் அக்கா மகன் அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் விரும்பினால் பெற்றோர் வீட்டு முகவரியிலேயே பெயரை வைக்கலாம், அல்லது கல்லூரியில் சான்று வாங்கி விடுதி முகவரியில் சிதம்பரம் தொகுதியில் சேரலாம். "ஊர்லயே இருக்கட்டும் மாமா, செமஸ்டர் லீவுல எலெக்‌ஷன் வந்தா என்ன பண்றது?" என்றான். நியாயமான பேச்சு. மூன்று வருடத்தில் காலி செய்யப்போகும் இடத்துக்கு மாற்றி, மறுபடி மாற்றுவது தேவையில்லாத அலைச்சல்.

எங்கள் வீட்டில் என்ன முடிவு செய்தோம் என்றால், அம்மா பெயர் கடலூரிலேயே. நானும் மனைவியும் புதுச்சேரிக்கு. காரணம் எட்டு மடங்கு எடை இல்லை. என் மகள் போகும் பள்ளி, குடிக்கும் தண்ணீர், மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் எங்கள் தெரு எல்லாம் இங்கே இருக்கின்றன. இவற்றுக்காக யாரிடமாவது போய் நிற்கும்போது அவர் முதலில் கேட்பது, "உங்க ஓட்டு எங்க?" கடலூர் என்று மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் அவர் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டேன்.

மாற்றும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்து முகவரி மட்டும் மாறுபவர்களுக்குப் படிவம் 8. தொகுதிக்குள்ளே மாறினாலும் மாநிலம் தாண்டினாலும் அதுவேதான். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்களுக்கும் புதிதாகப் பதினெட்டு நிரம்பியவர்களுக்கும் படிவம் 6. பெயரை நீக்கப் படிவம் 7. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ போடலாம், சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நாலு மாதங்களின் முதல் தேதியும் தகுதித் தேதி என்பதால் பதினேழு முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருப்பது மட்டும் வேண்டாம். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யார் பெயரும் ஏறாது.

எனக்குச் சிக்கியது ஒரே இடத்தில். வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், மின்கட்டண ரசீதில் புதிய எண், ரசீதோ வீட்டுக்காரர் பெயரில். பி.எல்.ஓ. நேரில் வந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டு போனார். பெயர் ஏறியதும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டேன். கையில் அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துவிட்டால், ஆதார், பாஸ்போர்ட் மாதிரி வேறு ஆவணத்தைக் காட்டிப் போட்டுவிடலாம்.

கடலூர்ப் பட்டியலில் என் பெயர் நீங்கிவிட்டதா என்று மட்டும் இரண்டு மாதம் கழித்துத் தேடிப் பார்த்தேன். என் பெயர் போயிருந்தது, மனைவி பெயர் அப்படியே இருந்தது. அதற்குத் தனியாகப் படிவம் 7 போட வேண்டியதாயிற்று.